ஊகம் இல்லாமல் கடினமான சுடோகு: பென்சில், ஒரு தாள், இரண்டு கேள்விகள்

'கடினம்' என்று போட்டிருக்கும் சுடோகுவை ஒரு இடத்தில்கூட ஊகிக்காமல் முடிக்க வேண்டும். இதுதான் நான் கையில் எடுத்த வேலை. எளிய புதிர்களிலும் நடுத்தரப் புதிர்களிலும் சிக்கல் இருந்ததில்லை. ஒரு எண்ணுக்கு ஒரு பெட்டியில் (மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்கள் சேர்ந்தது) ஓரிடம்தான் மிச்சம், அல்லது ஒரு கட்டத்துக்கு ஒரு எண்தான் மிச்சம். இந்த இரண்டு வகை 'ஒற்றை'களையும் பார்க்கத் தெரிந்தாலே அவை முடிந்துவிடும். கடினமானவை பாதி வழியில் நின்றுபோகும். அங்கே பலரும் செய்வது, ஒரு கட்டத்தில் 3 அல்லது 8 என்று இருந்தால் 3-ஐப் போட்டுப் பார்ப்பது. அதிர்ஷ்டம் இருந்தால் புதிர் முடியும். ஆனால் அங்கே ஏன் 3 என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. எனக்கு வேண்டியிருந்தது அந்த 'ஏன்'.

உத்திகளைத் தேடினால் பெயர்கள் வரிசைகட்டி நிற்கின்றன: நேக்கட் பேர், ஹிடன் பேர், எக்ஸ்-விங், ஸ்வார்டுஃபிஷ், ஸ்கைஸ்கிரேப்பர், எக்ஸ்ஒய்-விங், கலரிங். ஒவ்வொன்றையும் தனி வித்தையாக மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது போலத்தான் பெரும்பாலான விளக்கங்கள் இருக்கின்றன. தாளில் செய்து செய்து பார்த்ததில் எனக்குத் தெளிவானது வேறு. இத்தனை பெயர்களுக்கும் அடியில் இரண்டே கேள்விகள்தான் இருக்கின்றன. ஒன்று: இத்தனை எண்ணுக்கு இத்தனை இடம்தானே இருக்கிறது? இன்னொன்று: இங்கே இல்லையென்றால் வேறு எங்கே? முதலாவதை எண்ணிக்கை என்றும் இரண்டாவதைச் சங்கிலி என்றும் வைத்துக்கொண்டேன்.

இடத்தைக் குறிக்க ஒரு வசதி செய்துகொள்வோம். (4,7) என்றால் மேலிருந்து 4ஆம் வரிசை, இடமிருந்து 7ஆம் நெடுவரிசை. பெட்டிகளுக்கு மேல் இடது மூலையில் தொடங்கி, இடமிருந்து வலமாக 1 முதல் 9 வரை எண்.

முதலில் தாள். நாளிதழில் அச்சாகும் சுடோகுவின் கட்டத்துக்குள் ஒன்பது சிறு எண்கள் எழுத இடமே கிடையாது. அதனால் ஏ4 தாளில் ஒரு கட்டம் 2 செ.மீ. வரும்படி சதுரம் போட்டு, பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்பது கட்டங்களுக்கு 18 செ.மீ.; தாளின் அகலம் 21. இரண்டு பக்கமும் குறிப்பு எழுதக் கொஞ்சம் ஓரம் மிஞ்சும். புதிரில் கொடுத்த எண்கள் கறுப்புப் பேனாவில், நான் உறுதி செய்தவை நீலத்தில், இன்னும் முடிவாகாதவை 0.5 மைக்ரோடிப் பென்சிலில். இது அலங்காரத்துக்கு இல்லை. எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பது பார்த்த உடனே தெரிய வேண்டும்.

பென்சில் எண்களை எங்கே எழுதுகிறோம் என்பதற்கு நான் நினைத்ததைவிட அதிக மதிப்பு உண்டு. செல்பேசி எண்பலகை மாதிரி ஒவ்வொரு எண்ணுக்கும் கட்டத்துக்குள் ஒரு நிலையான இடம்: 1 மேல் இடது மூலை, 5 நட்ட நடு, 7 கீழ் இடது, 9 கீழ் வலது. 7 எங்கெல்லாம் வரலாம் என்று தேடும்போது எண்ணைப் படிக்கவே வேண்டாம். ஒவ்வொரு கட்டத்திலும் கீழ் இடது மூலையில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கண்ணை ஓட்டினால் போதும். எண்களை வந்த வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் இந்த வேகம் வராது.

எல்லாக் கட்டத்திலும் எல்லா எண்ணையும் முதலிலேயே எழுதிவிடவும் கூடாது, தாள் கறுத்துப்போகும். அமெரிக்கரான தாமஸ் ஸ்னைடர் உலக சுடோகு போட்டியை 2007, 2008, 2011 ஆண்டுகளில் வென்றவர். அதில் 2008 போட்டி நடந்தது நம் கோவாவில். அவர் பெயரில் ஒரு குறிப்பு முறை புழங்குகிறது. ஒரு பெட்டிக்குள் ஓர் எண்ணுக்குச் சரியாக இரண்டு இடம் மட்டும் மிச்சம் இருந்தால்தான் அதைப் பென்சிலில் குறிப்பது; மூன்று இடம் இருந்தால் எழுதுவதே இல்லை. தாள் சுத்தமாக இருக்கும். அதைவிடப் பெரிய லாபம், பென்சிலில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் 'இங்கே அல்லது அங்கே' என்ற உறுதியான தகவலாக இருக்கும். இந்த 'இரண்டே இடம்' பின்னால் சங்கிலிக்கு அப்படியே உதவும். இந்த முறையில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு போய்விட்டு, நின்ற பிறகே மிச்சக் கட்டங்களுக்கு முழுப் பட்டியல் எழுதுவேன்.

இனி எண்ணிக்கை.

மிக எளியது இது: 1ஆம் பெட்டியில் 5-க்கு (2,1), (2,3) ஆகிய இரண்டு இடம்தான் என்றால், இரண்டும் 2ஆம் வரிசையில் இருக்கின்றன. அந்த வரிசையின் 5 இந்தப் பெட்டிக்குள்தான் வந்தாக வேண்டும். அப்படியென்றால் 2ஆம் வரிசையில் மற்ற எந்தக் கட்டத்திலும் 5 கிடையாது. சின்ன விஷயம்தான், நின்றுபோன புதிர்கள் பல இதிலேயே நகர்ந்துவிடுகின்றன.

அடுத்து ஜோடி. ஒரு வரிசையில் இரண்டு கட்டங்களில் 3, 8 மட்டும் இருந்தால் அந்த இரண்டு எண்ணும் அங்கேயே தீர்ந்துவிட்டன. மற்ற கட்டங்களில் இருந்து அழித்துவிடலாம். மூன்று கட்டங்களுக்கும் இதே கணக்குதான். ஆனால் மூன்று கட்டத்திலும் மூன்று எண்ணும் இருக்க வேண்டியதில்லை என்பது பழகினால்தான் கண்ணில் படும். ஒன்றில் 1, 4. இன்னொன்றில் 4, 8. மூன்றாவதில் 1, 8. மூன்று கட்டம், மொத்தம் மூன்றே எண். கணக்கு சரி. மற்ற கட்டங்களில் 1, 4, 8 போய்விடும்.

மறைந்த ஜோடி என்பது இதன் மறுபக்கம். 6ஆம் பெட்டியில் (4,8) கட்டத்தில் 2, 4, 5, 9; (6,9) கட்டத்தில் 1, 2, 5, 9 என்று வைத்துக்கொள்வோம். பார்க்க ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பெட்டியில் 2-உம் 9-உம் வேறெங்கும் வர முடியாது என்றால், இரண்டு எண்ணுக்கு இரண்டே இடம். அந்த இரண்டு கட்டத்திலும் 4, 5, 1 எல்லாவற்றையும் அழிக்கலாம். எண்களை வைத்துக் கட்டங்களை எண்ணுவதா, கட்டங்களை வைத்து எண்களை எண்ணுவதா என்பது மட்டும்தான் இரண்டுக்கும் வேறுபாடு. ஏழு கட்டம் காலியாக இருக்கும் ஒரு வரிசையில் மறைந்த ஜோடி ஒன்று இருந்தால், மிச்ச ஐந்து கட்டங்களில் வெளிப்படையான ஐவர் கூட்டம், அதாவது ஐந்து கட்டத்துக்கு ஐந்தே எண், இருக்கும். இரண்டும் ஒரே செய்தி. ஐந்தைத் தேடுவதைவிட இரண்டைத் தேடுவது சுலபம், அவ்வளவுதான்.

இங்கிருந்து எக்ஸ்-விங்குக்கு ஒரே ஓர் அடி. ஒரு பெட்டி, ஒரு வரிசை என்று எண்ணுவதை விட்டு, ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு பல வரிசைகளைச் சேர்த்து எண்ண வேண்டும். 7-ஐ எடுத்துக்கொள்வோம். 2ஆம் வரிசையில் அது 3ஆம் அல்லது 8ஆம் நெடுவரிசையில்தான் வர முடியும். 7ஆம் வரிசையிலும் அதே 3 அல்லது 8. இரண்டு வரிசைக்கு இரண்டு 7 வேண்டும். கிடைப்பது இரண்டே நெடுவரிசை. எது எங்கே போனாலும் சரி, 3, 8 ஆகிய நெடுவரிசைகளின் 7 இந்த இரண்டு வரிசைக்குள் செலவாகிவிடும். அந்த நெடுவரிசைகளில் மற்ற இடங்களில் இருக்கும் 7 எல்லாம் வெளியே. (5,3) கட்டத்தில் 1, 7 என்று இருந்தால் அங்கே உடனே 1 விழும்.

ஸ்வார்டுஃபிஷ் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மூன்று வரிசை, மூன்று நெடுவரிசை, அதே கணக்கு. 4 என்ற எண் 1ஆம் வரிசையில் 2, 5 ஆகிய நெடுவரிசைகளில். 5ஆம் வரிசையில் 5, 9. 8ஆம் வரிசையில் 2, 9. மூன்று வரிசைக்கு மூன்று 4 வேண்டும், மூன்றே நெடுவரிசைதான் இருக்கிறது. 2, 5, 9 ஆகிய நெடுவரிசைகளில் மிச்சம் இருக்கும் 4-களை அழிக்கலாம்.

கணக்கு எளிது, கண்ணுக்குத் தெரிவதுதான் கஷ்டம். எண்கள் நிரம்பிய தாளில் ஒரே எண்ணின் எட்டுப் பத்து இடங்களை மட்டும் பிரித்துப் பார்ப்பது சுலபமில்லை. நான் கண்ட வழி, தாளின் பின்பக்கத்தில் ஒன்பது சிறு சதுரங்கள் போட்டு, எண்ணுக்கு ஒன்றாக ஒதுக்குவது. 7-க்கான சதுரத்தில், முன்பக்கத்தில் 7 வரக்கூடிய இடங்களில் மட்டும் ஒரு புள்ளி. மற்ற எண்கள் கண்ணில் இருந்து மறைந்துவிடும். எக்ஸ்-விங் இருந்தால் செவ்வகமாக எழுந்து நிற்கும். ஒன்பதுக்கும் போட வேண்டியதில்லை. ஐந்தாறு இடங்களில் ஏற்கெனவே உறுதியான எண்ணில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. இரண்டு மூன்று இடங்களில் மட்டும் உறுதியான எண்களில் இருந்து தொடங்க வேண்டும். கற்றுக்கொள்ளும் காலத்தில் இந்தப் புள்ளிப் படங்கள் அளவுக்கு வேறெதுவும் எனக்கு உதவவில்லை. ஸ்கைஸ்கிரேப்பரையும் முதலில் பார்த்தது இந்தப் படத்தில்தான்.

அதில் சங்கிலி ஆரம்பம். 6 என்ற எண்ணின் படத்தில் 3ஆம் வரிசையில் இரண்டு புள்ளி: (3,2), (3,6). 8ஆம் வரிசையிலும் இரண்டு: (8,2), (8,5). ஒரு பக்கம் 2ஆம் நெடுவரிசையில் நேராக நிற்கிறது. மறுபக்கம் 6, 5 என்று ஒரு கட்டம் விலகிவிட்டது. எக்ஸ்-விங் ஆகவில்லை. இங்கே இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டும். (3,6) கட்டத்தில் 6 இல்லையென்றால் வேறு எங்கே? (3,2)இல். அப்படியானால் அதே நெடுவரிசையில் இருக்கும் (8,2)இல் 6 இருக்க முடியாது. 8ஆம் வரிசையின் 6 வேறு எங்கே? (8,5)இல். மறுபுறம் இருந்து கேட்டாலும் இதே விடைதான்: (8,5) இல்லையென்றால் (3,6). ஆக, இந்த இரண்டில் ஒன்றாவது நிச்சயம் 6. இரண்டையும் ஒரே நேரத்தில் 'பார்க்கும்' கட்டங்கள், அதாவது இரண்டோடும் வரிசையையோ நெடுவரிசையையோ பெட்டியையோ பகிரும் கட்டங்கள் எவை? 2ஆம் பெட்டியில் 5ஆம் நெடுவரிசையில் இருக்கும் (1,5), (2,5). 8ஆம் பெட்டியில் 6ஆம் நெடுவரிசையில் இருக்கும் (7,6), (9,6). இந்த நான்கிலும் 6 வர வழியே இல்லை.

ஒரு கட்டத்தில்கூட எண் போடாமல் நான்கு கட்டங்களில் இருந்து 6-ஐ வெளியேற்றிவிட்டோம். (1,5)இல் 2, 6 மட்டும் இருந்திருந்தால் 2 உறுதி. இதுதான் எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த இடம். 6 எங்கே இருக்கிறது என்று இன்னும் தெரியாது. எங்கே இல்லை என்று மட்டும் சந்தேகமில்லாமல் தெரியும்.

எக்ஸ்ஒய்-விங்கில் சங்கிலி ஓர் எண்ணுக்குள் ஓடாமல் கட்டம் விட்டுக் கட்டம் ஓடும். நடுவில் (5,5): 3, 8. அதே வரிசையில் (5,2): 3, 6. அதே பெட்டியில் (4,6): 6, 8. நடுக்கட்டம் 3 என்றால் (5,2)இல் 3 போய் 6 நிற்கும். 8 என்றால் (4,6)இல் 8 போய் 6 நிற்கும். எப்படியும் இரண்டில் ஒன்று 6. இரண்டையும் பார்க்கும் (4,1), (4,2), (4,3), (5,4), (5,6) ஆகிய ஐந்து கட்டங்களிலும் 6-ஐ அழித்துவிடலாம். இதைத் தேட, இரண்டு எண் மட்டும் இருக்கும் கட்டங்களுக்கு மூலையில் ஒரு சின்னக் கோடு போட்டுவைத்தால் போதும். அந்தக் கோடு போட்ட கட்டங்களுக்குள் மட்டும் தேடினால், முழுச் சதுரத்தையும் அலச வேண்டியதில்லை.

கலரிங் என்பது சங்கிலியை நீட்டுவது. வண்ணப் பென்சில் இரண்டு போதும்; நான் நீலமும் ஆரஞ்சும் வைத்திருக்கிறேன். 9-க்கு 1ஆம் வரிசையில் (1,4), (1,8) என இரண்டே இடம். (1,4) நீலம், (1,8) ஆரஞ்சு. 8ஆம் நெடுவரிசையில் (1,8), (6,8) என இரண்டே இடம், (6,8) நீலம். 6ஆம் பெட்டியில் (6,8), (5,7) என இரண்டே இடம், (5,7) ஆரஞ்சு. எல்லா நீலமும் 9, அல்லது எல்லா ஆரஞ்சும் 9. மூன்றாவது வழி கிடையாது. (5,4) என்ற கட்டம் (1,4) நீலத்தைத் தன் நெடுவரிசையிலும் (5,7) ஆரஞ்சைத் தன் வரிசையிலும் பார்க்கிறது. எந்த வண்ணம் உண்மையானாலும் அங்கே 9 வராது. இன்னொன்றும் நடக்கலாம். ஒரே வண்ணம் ஒரே வரிசையிலோ பெட்டியிலோ இரண்டு முறை வந்துவிட்டால் அந்த வண்ணமே பொய். மற்ற வண்ணம் முழுக்க உண்மை. அப்படி அமைந்தால் ஒரே நேரத்தில் நாலைந்து இடம் நிரம்பிவிடும்.

'3 என்றால் இப்படி, 8 என்றால் அப்படி என்று பார்ப்பதும் ஊகம்தானே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் வைத்திருக்கும் எல்லை இது: ஊகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் போட்டு, முட்டும்வரை போகிறோம். சங்கிலியில் இரண்டு பக்கத்தையும் பார்த்து, இரண்டுக்கும் பொதுவான முடிவை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். தாளில் எதுவும் தற்காலிகமாக எழுதப்படுவதில்லை. அந்தக் காரணத்தை ஒரே மூச்சில் இன்னொருவருக்குச் சொல்லிவிட முடிய வேண்டும். இருபது படி தாண்டி, நான்கு கிளை பிரிந்து வரும் முடிவு தர்க்கப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் அதைக் கண்டுபிடிக்க நாம் செய்தது தேடல்தான். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. தேடுவது கணினியின் வேலை. நொடியின் ஒரு சிறு பகுதியில் அது செய்துவிடும்.

ஒரே விடை என்பதை வைத்துச் செய்யும் உத்தியிலும் எனக்கு ஒரு நிலைப்பாடு உண்டு. (1,4), (1,6), (5,4) ஆகிய மூன்றிலும் 2, 8 மட்டும். (5,6)இல் 2, 5, 8. இந்த நான்கும் இரண்டு வரிசை, இரண்டு நெடுவரிசை, இரண்டு பெட்டிக்குள் அடங்குகின்றன. (5,6)இல் 5 வராவிட்டால் நான்கிலும் 2, 8 மட்டும் மிஞ்சும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலும் புதிர் சரியாகவே இருக்கும். அப்போது விடை இரண்டாகிவிடும். ஒழுங்கான புதிருக்கு ஒரே விடை. ஆகவே (5,6)இல் 5. அழகான வாதம், குறையும் இல்லை. நேரம் பார்த்துத் தீர்க்கும்போது தயங்காமல் பயன்படுத்தலாம். ஆனால் கற்றுக்கொள்ளும்போது நான் இதை ஒதுக்கியே வைத்தேன். மற்ற உத்திகள் எல்லாம் எண்களிடம் இருந்து விடையை வாங்குகின்றன. இது புதிரை அமைத்தவர் கொடுத்த வாக்குறுதியில் இருந்து வாங்குகிறது. அதோடு, இதைக் கண்டு தாண்டிவிட்டால் அந்த இடத்தில் இருந்த சங்கிலியைக் கற்கும் வாய்ப்பு போய்விடும்.

பயிற்சிக்கு எதை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். கொடுத்த எண்கள் குறைவு என்றால் புதிர் கடினம் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியில்லை. ஒரே விடை வர வேண்டுமானால் குறைந்தது 17 எண்கள் கொடுத்தாக வேண்டும் என்பதை 2012இல் கணிதர் கேரி மெக்குவைரின் குழு கணினியால் உறுதி செய்தது. ஆனால் 17 எண் புதிர்களில் பல, சாதாரண ஒற்றைகளை வைத்தே முடிந்துவிடும். கடினம் என்பது நடுவழியில் எந்த உத்தி தேவைப்படுகிறது என்பதைப் பொறுத்தது. 1979இல் அமெரிக்காவில் ஹோவர்டு கார்ன்ஸ் சுடோகுவை அமைத்தபோதும், 1984இல் ஜப்பானின் புதிர்ப் பதிப்பகமான நிகோலி அதை வெளியிடத் தொடங்கியபோதும் புதிர்கள் கையால் அமைக்கப்பட்டன. கொடுக்கும் எண்கள் 32-ஐத் தாண்டக் கூடாது, சமச்சீராக அமைய வேண்டும் என்று நிகோலி 1986இல் வகுத்தது. லண்டன் டைம்ஸ் நாளிதழில் 2004 நவம்பர் 12 அன்று சுடோகு வந்ததோ வேய்ன் கூல்ட் எழுதிய கணினி நிரலின் வழியாக. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நிரல் தரம் பிரிக்கும்போது, அதற்குத் தெரிந்த உத்திகளின் வரிசைப்படிதான் 'கடினம்' என்ற முத்திரை விழும். இரண்டு இதழ்களின் 'கடினம்' ஒன்றாக இல்லாததற்கு இது ஒரு காரணம்.

அதனால் இதழ்ப் புதிர்களை மட்டும் நம்பி ஓர் உத்தியைப் பழக முடியாது. எக்ஸ்-விங் எப்போது வரும் என்று சொல்ல முடியாதே. பெர்னார்டு ஹோபிகர் உருவாக்கிய ஹோடோகு என்ற இலவச மென்பொருளில் ஒரு வசதி இருக்கிறது: எந்த உத்தி வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுத்தால், அது தேவைப்படும் புதிராகப் பார்த்துத் தரும். ஸ்கைஸ்கிரேப்பர் மட்டும் என்று வைத்து, வந்த புதிரைத் தாளுக்கு மாற்றி, பென்சிலிலேயே தீர்த்தேன். திரையில் தீர்த்தால் மென்பொருளே சிறு எண்களை நிரப்பித் தந்துவிடும், வேகமாகப் போகும். ஆனால் கையால் எழுதும்போதுதான் 'இந்த 6-க்கு இந்த வரிசையில் இரண்டே இடம்' என்பது மனத்தில் ஏறுகிறது.

எல்லை எங்கே இருக்கிறது என்று பார்க்க, பின்லாந்துக் கணிதர் ஆர்டோ இன்காலா 2006இல் வெளியிட்ட 'ஏஐ எஸ்கார்கோ' புதிரையும் தாளில் ஏற்றினேன். 23 எண்கள் கொடுத்திருக்கிறார். (1,1), (5,2), (7,8) ஆகிய மூன்று 1-களும் சேர்ந்து 7ஆம் பெட்டியின் 1-ஐ (8,3)க்குத் தள்ளிவிடும். அது ஒன்றுதான் சும்மா கிடைப்பது. அதன் பிறகு 81 கட்டத்திலும் தேடினாலும் ஒற்றை ஒன்றுகூட இல்லை. 'இரண்டே இடம்' மட்டும் நிறைய: 9-க்கு 2ஆம் பெட்டியில் (2,4), (2,6), 4ஆம் பெட்டியில் (5,1), (6,2), 9ஆம் பெட்டியில் (7,9), (9,9). 3-க்கு 8ஆம் வரிசையில் (8,5), (8,6). இவ்வளவு இருந்தும், நான் மேலே சொன்ன சிறு சங்கிலிகளால் இந்தப் புதிர் முடிவதில்லை. கிளை பிரியும் நீளமான சங்கிலிகள் கேட்கிறது. என் எல்லைக்கு வெளியே இருப்பது என்று மரியாதையோடு ஒதுக்கிவைத்தேன். விடையை மட்டும் எடுத்துக்கொண்டேன், வேறொரு சோதனைக்காக.

அந்தச் சோதனை இன்றைய நாளிதழின் விடையிலேயே நீங்களும் செய்து பார்க்கக்கூடியது. முடிந்த சுடோகு எதுவானாலும் நான்கு மூலைகளிலும் இரண்டுக்கு இரண்டு என்று நாலு நாலு கட்டங்களைச் சுற்றிக் குறியுங்கள்; மொத்தம் 16. அப்புறம், நடுப்பெட்டியைச் சுற்றி ஓடும் வளையத்தைக் குறியுங்கள்: 3ஆம் வரிசையிலும் 7ஆம் வரிசையிலும் 3 முதல் 7 வரையான நெடுவரிசைகள், பக்கங்களில் 4, 5, 6 ஆகிய வரிசைகளில் 3ஆம், 7ஆம் நெடுவரிசைகள்; இதுவும் 16. இரண்டிலும் இருப்பவை அதே எண்கள். எஸ்கார்கோவின் விடையில் மூலைகளில் 1 ஒன்று, 2 ஒன்று, மற்ற ஏழு எண்களும் இரண்டிரண்டு. வளையத்திலும் அச்சாக அதுவே. ஒரு புதிர் அமைப்பாளரின் பெயரில், பிஸ்டோமெஃபெல் வளையம் என்று இதைச் சொல்கிறார்கள்.

மாயம் ஒன்றும் இல்லை, எக்ஸ்-விங்கின் அதே எண்ணிக்கைதான். 3ஆம் வரிசை, 7ஆம் வரிசை, 4ஆம் பெட்டி, 6ஆம் பெட்டி: இந்த நான்கும் சேர்ந்தால் 1 முதல் 9 வரை நான்கு தொகுதி. 1, 2, 8, 9 ஆகிய நெடுவரிசைகள்: அதுவும் நான்கு தொகுதி. இரண்டு பக்கமும் சமம். இரண்டுக்கும் பொதுவான 20 கட்டங்களை இரண்டு பக்கத்தில் இருந்தும் எடுத்துவிட்டால் முதல் பக்கத்தில் வளையம் மிஞ்சும், இரண்டாம் பக்கத்தில் மூலைகள் மிஞ்சும். சமத்தில் இருந்து சமத்தை எடுத்தால் மிஞ்சுவதும் சமம்தானே. சாதாரண நாளிதழ்ப் புதிரில் இது கைகொடுக்கும் சந்தர்ப்பம் அரிது. கூடுதல் விதிகள் சேர்த்துக் கையால் அமைக்கும் புதிர்களில்தான் இதற்கு வேலை. ஆனாலும் ஒருமுறை கட்டம் கட்டமாக அடித்துப் பார்த்தால், 'எண்ணிக்கை' என்று நான் சொல்வது எவ்வளவு தூரம் போகும் என்பது புரியும்.

இப்போது புதிர் நின்றுபோனால் நான் போகும் வரிசை ஏறக்குறைய இப்படி. முதலில் பெட்டிக்குள் அடைபட்ட எண்கள், ஜோடிகள். பிறகு முழுப் பட்டியலை எழுதி, மூவர் கூட்டமும் மறைந்த ஜோடியும். அடுத்து, பாதிக்கும் குறைவாக நிரம்பிய எண்களுக்குப் பின்பக்கப் புள்ளிப் படம். எக்ஸ்-விங்கும் ஸ்கைஸ்கிரேப்பரும் ஒரே பார்வையில் அங்கே தெரிந்துவிடும். ஸ்வார்டுஃபிஷை நான் கடைசிக்குத் தள்ளிவிடுவேன்; தேடச் செலவாகும் நேரத்துக்கு அது கிடைப்பது குறைவு. அதற்கு முன் கோடு போட்ட கட்டங்களில் எக்ஸ்ஒய்-விங், பிறகு வண்ணப் பென்சில். அதற்கும் அசையவில்லை என்றால் புதிய உத்தி தேடுவதற்கு முன்னால் பென்சில் எண்களை முதலில் இருந்து ஒருமுறை சரிபார்ப்பேன். ஒரு கட்டத்தில் ஒரு சிறு எண் எழுதாமல் விட்டிருந்தால் 'இரண்டே இடம்' என்று நாம் நம்பியது மூன்று இடமாக இருக்கும். அதன்மேல் கட்டிய சங்கிலி எல்லாம் பொய். சரிபார்ப்பதை எண் வாரியாகச் செய்ய வேண்டும், கட்டம் வாரியாக அல்ல: 1-ஐ எடுத்து ஒன்பது பெட்டியிலும், அப்புறம் 2-ஐ. விட்டுப்போனது அப்போதுதான் அகப்படும்.